யாருடைய பெயரில் வேலை நடக்கிறது?

கிண்ணியாவில் இருக்கும் எனது மருமகன் ஒருவர், கொழும்பில் தலைமையகத்தைக் கொண்ட ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தபடியே கணனி வேலை செய்கிறார். திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலிருந்து புறப்படும் லொறிகளின் எடை, சரக்கின் வகை, போய்ச் சேரும் களஞ்சியம் ஆகிய விபரங்கள் நாள் முழுவதும் அந்தக் கம்பனியின் கணனிகளில் வந்து குவிகின்றன. இரவு 2 மணிக்கு அவற்றைக் கூட்டிப் பிரித்து, காலை 7 மணிக்கு முகாமையாளரின் பார்வைக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். அதற்குரிய கட்டளைத் தொகுப்பை, அவர்களது பேச்சில் ‘ஸ்கிரிப்ட்’டை, எழுதியவர் இவர்தான்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசனையில் இருந்தார். என்ன விடயம் என்று கேட்டேன்.

“மாமா, நான் கையால ஓட்டினா ஸ்கிரிப்ட் ஒழுங்கா ஓடுது. ராவைக்கு அதுவா ஓடக்குள்ள மட்டும் ‘அனுமதி இல்லை’ எண்டு நிண்டு போகுது. ரெண்டும் ஒரே ஸ்கிரிப்ட்தான். ஒரு எழுத்துக்கூட மாத்தல்ல.”

கணனிப் பொடியன்களின் தலைவலி வர்த்தகப் பக்கத்தில் எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். அவர் சொன்ன கதையை முழுவதும் கேட்டபோது, எமது மொத்தக் கடைகளிலும் அரிசி ஆலைகளிலும் நாளாந்தம் நடக்கின்ற ஒரு தவறையே அதில் கண்டேன். ஆகவேதான் இந்த வாரம் இதனை எழுதுகின்றேன்.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். ஒரு கணனிக்குள் அடங்காத அளவு தரவுகளைப் பல கணனிகளில் பிரித்து வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குவதற்கு ‘ஹடூப்’ என்ற மென்பொருள் உண்டு. 2006 ஆம் ஆண்டு உருவான இதற்குப் பெயர் வைத்த டக் கட்டிங், தனது மகனின் மஞ்சள் நிறப் பொம்மை யானையின் பெயரையே வைத்தார். இந்த யானையை நேரத்துக்கு எழுப்பி, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று நடத்துவதற்கு யாஹூ நிறுவனத்தில் இன்னொரு மென்பொருள் செய்யப்பட்டது. அதன் பெயர் ‘ஊஸி’. பர்மிய மொழியில் அதற்கு யானைப்பாகன் என்று பொருள். ஏறாவூர்ப் பணிக்கர்களின் யானைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்தப் பெயர்களின் பொருத்தத்தை விளக்கத் தேவையில்லை.

மருமகன் தனது ஸ்கிரிப்ட்டைப் பாகனிடம் கொடுத்துவிட்டார். பாகன் அதை அவரது பெயரிலேயே பதிந்துகொண்டது. ஆனால், இரவு 2 மணிக்கு ஏதோவொரு கணனியில் அந்த ஸ்கிரிப்ட் உண்மையில் ஓடும்போது, அங்கே அதை ஓட்டுவது மருமகனின் பயனர் பெயர் அல்ல. எல்லோருடைய வேலைகளையும் ஏற்று நடத்தும் ‘யார்ன்’ என்ற பொதுப் பணியாளின் பயனர் பெயரில்தான் ஓடுகிறது. அறிக்கையை எழுத வேண்டிய கோப்புறை மருமகனுக்குரியது. யார்ன் வந்து கதவைத் தட்டுகிறது. உனக்கு அனுமதி இல்லை என்று கணனி திருப்பி அனுப்பிவிடுகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் முறையாகச் செய்யப்படாத ஹடூப் கணனிகளில் இது வழமையாக ஏற்படும் சிக்கலாகும். 2014 இல் ஆரம்பிக்கப்பட்டு இன்று பரவலாகப் பாவிக்கப்படும் ‘எயார்ஃப்ளோ’ போன்ற வேறு அட்டவணை மென்பொருட்களிலும், தனியாகக் குறிப்பிடாவிட்டால், வேலை ஓடுவது அதனை நடத்தும் பொதுப் பயனரின் பெயரில்தான்.

துறைமுகத்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கு இதை இலகுவாகச் சொல்லலாம். அஷ்ரப் இறங்குதுறையில் இறங்கிய உங்கள் சரக்கை எடுக்க ஒரு கிளியரிங் ஏஜன்டை நியமிக்கிறீர்கள். பத்திரங்கள் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கின்றன. ஆனால் உள்ளே சென்று மூட்டையைத் தூக்குபவர் உங்கள் பெயரில் போவதில்லை. தனது அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் வாசலைக் கடக்கிறார். அந்தச் சீட்டு செல்லுபடியாகாத களஞ்சியத்தின் முன்னால் அவர் நின்றால், பத்திரத்தில் எவ்வளவு பெரிய முதலாளியின் பெயர் இருந்தாலும் காவலாளி விடமாட்டார். அவர் விடாமல் இருப்பது பிழையும் அல்ல. அது அவரது கடமை.

இதைக் கண்டுபிடிக்க மருமகன் செய்த காரியம் மிகவும் எளிமையானது. கணனியிடம் ‘நான் யார்?’ என்று கேட்பதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் எழுதிவிட்டு இரவு ஓடவிட்டார். காலையில் பார்த்தபோது, அவரது பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘யார்ன்’ என்று பதிவாகியிருந்தது.

நோய் தெரிந்துவிட்டது. இனி மருந்து. இங்கேதான் எமக்கு வேண்டிய பாடம் ஆரம்பிக்கிறது.

அலுவலகம் சொன்ன மருந்து ஒரே வரியில் முடிந்தது. “அந்தக் கோப்புறைக்கு 777 போட்டுவிடு.” ஒரு கோப்பைப் படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று கணனியில் ஓர் எண் கணக்கு உண்டு. மூன்றையும் கூட்டினால் 7. உரிமையாளருக்கு ஒரு 7, அவரது குழுவினருக்கு ஒரு 7, மற்றவர்கள் அனைவருக்கும் ஒரு 7. அதாவது அந்தக் கணனிக்குள் வரக்கூடிய எவரும் எதையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். கதவு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதற்கு இது சமனாகும். அந்தக் கோப்புறையில் லொறிக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. சாரதிகளின் சம்பள விபரமும், எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் என்ற பட்டியலும் அதே இடத்தில் இருந்தன.

சக ஊழியர் ஒருவர் இன்னொரு மருந்து சொன்னார். யார்னுக்கு மட்டும் அந்தக் கோப்புறையைத் திறந்துவிடுங்கள் என்பது அவரது யோசனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் யார்ன் எல்லோருடைய வேலையையும் செய்யும் பொதுப் பணியாள் அல்லவா? அவரிடம் சாவியைக் கொடுத்தால், அவரைக் கொண்டு வேலை செய்விக்கும் அத்தனை பேரிடமும் சாவியைக் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது மருந்து எல்லாவற்றிலும் மோசமானது. ஸ்கிரிப்ட்டுக்குள் ஒரு வரியைச் சேர்த்து, ‘நான் இன்னார்’ என்று பெயரை அறிவித்துவிட்டால் போதும். அடையாளத்தைச் சோதிக்கும் ஏற்பாடு இல்லாத ஹடூப், சொன்ன பெயரை அப்படியே நம்பிவிடும். இன்று மருமகன் தனது சொந்தப் பெயரைச் சொல்கிறார். நாளை வேறொருவர் அவரது பெயரைச் சொன்னால் யார் தடுப்பது?

முறையான மருந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1980 களில் உருவான ‘கெர்பரோஸ்’ என்ற முறை, ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டு குறித்த நேரம் வரை மட்டும் செல்லுபடியாகும் சீட்டை வழங்குகிறது. அதையும், வேலையைக் கொடுத்தவரின் பயனர் பெயரிலேயே அதை ஓட்டுகின்ற ஏற்பாட்டையும் சேர்த்து நிறுவினால், இரவிலும் மருமகனின் வேலை மருமகனின் பெயரில்தான் நடக்கும். ஆனால் அதற்கு ஒவ்வொரு கணனியிலும் ஒவ்வொருவருக்கும் பயனர் பெயர் உருவாக்க வேண்டும். வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. முகாமையாளரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. காலை 7 மணிக்கு அறிக்கை இல்லையென்றால் லொறிகள் வரிசையில் காத்துநிற்கும். காத்துநிற்கும் லொறிக்குப் பணம் போகும்.

கடைசியில் மருமகன் ஒரு நடு வழியைக் கண்டார். லொறிக் கணக்கையும் அறிக்கையையும் மட்டும் தனியான கோப்புறைக்கு மாற்றினார். சம்பளமும் கடனும் பூட்டிய இடத்திலேயே இருந்தன. பொதுப் பணியாளுக்குத் திறந்துவிட்டது அந்தச் சிறு இடத்தை மட்டும்தான். இதைச் செய்து முடிக்க இரண்டு நாட்கள் பிடித்தன. அந்த இரண்டு இரவும் அவரே 2 மணிக்கு எழும்பி ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினார்.

இரண்டு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்காக எனது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன்னர், துறைமுகத்தை அண்டிய ஒரு மொத்த வியாபார நிலையத்தில் நான் கணக்கு வேலை பார்த்தேன். அங்கே இருந்தது ஒரே கணனி. பயனர் பெயர், இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளம் லிகிதருடையது. கடவுச்சொல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. முதலாளியின் தம்பி, களஞ்சியப் பொறுப்பாளர், நான் உட்பட ஐந்து பேர் அதைப் பாவித்தோம். ஒரு மாத முடிவில் சரக்கு எண்ணியபோது 40 மூட்டை சீனி குறைந்தது. கணனியைப் பார்த்தார்கள். எல்லாப் பதிவும் அந்த இளைஞரின் பெயரில் இருந்தது. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சம்பளத்தில் மீதியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மாதங்களுக்குப் பின்னர் பழைய விலைப்பட்டியல்களைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. களவு எதுவும் நடக்கவில்லை. வந்த சரக்கை யாரோ இரண்டு தடவை பதிந்துவிட்டார்கள். இல்லாத 40 மூட்டை புத்தகத்தில் இருந்தது. களஞ்சியத்தில் எப்படி இருக்கும்? பதிந்த நேரம் லுஹருக்குப் பின்னரான பகல் இடைவேளை. அந்த நேரத்தில் அந்த இளைஞர் கடையிலேயே இருப்பதில்லை. பதிந்தவர் யார்? நானாகவும் இருந்திருக்கலாம். எமக்கு அது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்வதற்கு வழியும் இல்லை. எல்லோரும் ஒரே பெயரில் இருந்தோம். விடயம் வெளிவந்தபோது அந்தப் பிள்ளை கட்டாருக்குப் போய்விட்டிருந்தார். ஊரில் அவருடைய வாப்பா கடைத்தெருவுக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்.

“எமது கடைகள் நம்பிக்கையில் நடப்பவை. ஆளுக்கொரு கடவுச்சொல் என்று ஆரம்பித்தால், ஒருவரையொருவர் சந்தேகிப்பது போல் ஆகிவிடும்” என்று எமது வர்த்தகர்கள் அடிக்கடி சொல்வதுண்டு. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று அந்த இளைஞருக்குத் தனியான கடவுச்சொல் இருந்திருந்தால், அது அவரது நிரபராதித்தனத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கும். எல்லோருக்கும் ஒரே சாவி என்ற ஏற்பாட்டில் முதலில் அகப்படுபவர் குற்றவாளி என்பதில்லை. யாருடைய பெயர் எழுதியிருக்கிறதோ அவர்தான் அகப்படுகிறார். பெரும்பாலும் கடையில் ஆகச் சிறியவர் அவராகத்தான் இருப்பார். ஒருவரின் பெயரும் அமானிதம்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சிறிய கடைகளில்தான் இப்படி நடக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2016 பெப்ரவரி 4 ஆம் திகதி இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 பணம் அனுப்பும் உத்தரவுகள் சென்றன. மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். உத்தரவுகளை அனுப்பியவர்கள் வங்கியின் கணனிகளுக்குள் புகுந்திருந்த திருடர்கள். ஆனால் அவை அதிகாரம் பெற்றவர்களின் பயனர் பெயர்களில், ‘சுவிஃப்ட்’ வலையமைப்பின் ஊடாக முறைப்படியே வந்தன. 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலும் 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள ஒரு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. ‘பவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டதால் அந்தப் பணம் தப்பியது. யோசித்துப் பாருங்கள். பெயர் சரியாக இருந்ததால் அந்த உத்தரவை இயந்திரம் தடுக்கவில்லை. எழுத்துப் பிழை ஒன்றைக் கண்ட மனிதர்தான் கேட்டார்.

எமது நாட்டிலேயே 2021 ஆம் ஆண்டு, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பெருமளவு தரவுகள் அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. தரவு அழிந்துபோனால் எவரும் கேட்கும் முதல் கேள்வி, அழிக்கும் அனுமதி யார் யாரிடம் இருந்தது என்பதே. அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிந்த நிறுவனங்கள் எத்தனை? உங்கள் கடையில் சொல்ல முடியுமா?

சட்டமும் இந்தத் திசையில்தான் வந்திருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணனிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணனிக்குள் நுழைவதைக் குற்றமாக்கியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்காக நிறைவேற்றப்பட்டது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கணனியில் வைத்திருக்கும் எவரும் இது எமக்கல்ல என்று இருந்துவிட முடியாது. ஆனால் ஐந்து பேர் ஒரே கடவுச்சொல்லைப் பாவிக்கும் இடத்தில், யாருக்கு அதிகாரம் உண்டு, யாருக்கு இல்லை என்று எந்தச் சட்டத்தரணி வாதாடுவார்?

சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை நாம் எல்லோரும் அறிவோம். அந்த 99 தாங்கிகளில் 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இவ்விரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு, அதிலும் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம் என்று 2022 ஜனவரியில் எழுத்தில் வகுத்தார்கள். எவ்வளவோ வருட இழுபறிக்குப் பின்னர் வந்த ஒப்பந்தம் அது. இரும்புத் தாங்கிக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிறோம். எமது கடன் புத்தகமும் வாடிக்கையாளர் பட்டியலும் இருக்கும் கணனிக்கு அரைப் பக்கக் காகிதத்தில் ஒரு பட்டியல் எழுதுவதற்கு என்ன தடை?

ஆகவே, பெரிய செலவில்லாமல் எமது வர்த்தகர்கள் செய்யக்கூடிய சில காரியங்களை இங்கே தருகின்றேன்.

1. மூன்று பேர் வேலை செய்யும் கடையானாலும் ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கட்டும். திரையில் ஒட்டியுள்ள காகிதத்தை இன்றே கிழித்துவிடுங்கள்.

2. சரக்கைப் பதிபவரும் அதை ஒப்புக்கொள்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. ஆட்கள் போதாவிட்டால், நாளின் முடிவில் முதலாளியே பதிவுகளைப் பார்த்துக் கையொப்பமிடலாம்.

3. இரவில் தானாக ஓடும் வேலைகளுக்கு, அது வங்கிக் கணக்கை ஒப்பிடுவதானாலும் பிரதி எடுப்பதானாலும், தனியான ஒரு பெயரைக் கொடுங்கள். அந்த வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். அந்தப் பெயருக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதிவையுங்கள்.

4. ‘அனுமதி இல்லை’ என்று கணனி சொன்னால் உடனே எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லாதீர்கள். எந்தப் பெயரில், எந்த இடத்தில், எதைச் செய்யப்போய் நின்றது என்று கேளுங்கள். அவசரத்துக்குத் திறக்க நேர்ந்தால், எப்போது மூடுவது என்ற திகதியையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

5. ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவரது பயனர் பெயரையும் மூடிவிடுங்கள். இது அவருக்கும் நல்லது. அவர் போன பின்னர் நடப்பவை அவர் தலையில் விழாது.

இவற்றில் எதற்கும் கொழும்பிலிருந்து நிபுணர் வரத் தேவையில்லை. கணனி படித்த பிள்ளைகள் இன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் தோப்பூரிலும் புல்மோட்டையிலும் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்தால் செய்து தருவார்கள். ஆனால் அவர்கள் “இதைத் திறப்பது சரியில்லை” என்று சொல்லும்போது, வேலை தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்று முதலாளிமார் எண்ணக் கூடாது. எனது மருமகனின் அலுவலகத்திலும் முதல் நாள் அப்படித்தான் எண்ணினார்கள்.

அவரது ஸ்கிரிப்ட் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. கெர்பரோஸ் நிறுவுவது பற்றிக் கம்பனியில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறதாம். ‘நான் யார்?’ என்ற அந்த முதல் வரியை மட்டும் அவர் இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு இரவும் கணனி அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் மற்ற வேலையை ஆரம்பிக்கிறது. நாளைக் காலை கடையைத் திறந்ததும், உங்கள் கணனியில் நேற்று நடந்த பதிவுகள் யாருடைய பெயரில் இருக்கின்றன என்று ஒரு தடவை பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் நேற்றுக் கடைக்கு வந்தாரா என்றும் விசாரித்துப் பாருங்கள்.